மருதையன் எறியாத பந்து

கொக்குமேட்டில் அந்த நான்கு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கினால், ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடும். மருதையன், ஒச்சப்பன், காத்தான், தவசி. ஒரே தெருவில் பிறந்து, ஒரே கண்மாயில் குளித்து, நாற்பது வயதை நெருங்கியவர்கள். அவர்கள் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் மருதையனின் கல்யாணம்.

போன மாதம் அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையை நான்கு பேரும் கூர்ந்து பார்த்தார்கள். பார்க்கத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. பஸ் வேறெங்கோ இறக்கிவிட்டது. பந்தல் போட்டிருந்த முதல் வீட்டில் நுழைந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். அது ஒரு கிரகப்பிரவேச வீடு. பெண் யார் என்று கடைசிவரை இவர்களும் கேட்கவில்லை, இவர்கள் யார் என்று அந்த வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

காத்திருந்து ஏமாந்த பெண்ணின் அப்பா சடையாண்டி ஆள் அனுப்பினார். "வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து சேரணும். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கிறோம்."

மருதையனுக்கு இது பத்தாவது இடம். இதுவும் கைநழுவினால் காலம் முழுக்கத் தனியாகத்தான் கஞ்சி காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று அவனுக்கு உள்ளூரப் பயம். பஸ் பலகையை வாசிக்கிற அளவுக்காவது படித்துவிடலாம் என்று, திங்கட்கிழமை காலை நான்கு பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

தமயந்தி டீச்சர் ஊருக்குப் புதியவர். அவரிடம் ஒரு கையேடு இருந்தது. கூச்சம் போக ஓர் அறிமுக விளையாட்டு நடத்திவிட்டுத்தான் பாடம் தொடங்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. டீச்சர் தன் பேரைச் சொன்னார். நான்கு பேரையும் வட்டமாக நிறுத்தி, ஒரு ரப்பர் பந்தை மருதையன் கையில் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியாத ஒருத்தருக்கு இதை எறியணும். பிடிக்கிறவங்க தன் பேரைச் சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பந்தைக் கீழ வைக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க டீச்சர்."

மருதையன் ஒச்சப்பனைப் பார்த்தான். தெரிந்தவன். காத்தானைப் பார்த்தான். ரொம்பத் தெரிந்தவன். தவசி சொந்தச் சித்தப்பா மகன். அரை மணி நேரம் வட்டம் அப்படியே நின்றது.

"என்கிட்டயாவது எறிங்களேன்" என்றார் டீச்சர்.

"அதெப்படி? நீங்க தமயந்தி டீச்சர். இப்பத்தானே சொன்னீங்க!"

"சரி, விளையாட்டே வேண்டாம். உக்காருங்க, பாடம் ஆரம்பிக்கலாம்."

"அய்யோ, வேணாம் டீச்சர்" என்று பதறினான் ஒச்சப்பன். "முத வேலையையே குறையில விட்டா அப்புறம் படிப்பு எங்கிட்டு ஏறும்?"

மருதையன் பந்தோடு வீட்டுக்குப் போனான். பந்தோடு சாப்பிட்டான், பந்தோடு குளித்தான்.

செவ்வாய்க்கிழமை கூடிப் பேசினார்கள்.

"நம்மள்ல ஒருத்தனை மறந்துட்டா என்னப்பா?" என்றான் தவசி.

"நல்ல யோசனைதான். யாரை மறக்கிறது?"

"என்னைய மறங்க" என்று பெருந்தன்மையோடு முன்வந்தான் காத்தான். "எனக்கு அவ்வளவா வேலை இல்லை."

காத்தானை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, மற்ற மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு அவனை மறந்தார்கள். சாயங்காலம் வரை மும்முரமாக மறந்தார்கள்.

"மறந்தாச்சா?" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் பொறு காத்தான், இன்னும் கொஞ்சந்தான் பாக்கி" என்றான் மருதையன்.

புதன்கிழமை, ஜன்னலுக்கு வெளியே ஒரு முட்டை வியாபாரி சைக்கிளில் போனார். நிச்சயமாகத் தெரியாத ஆள். மருதையன் குறி பார்த்து எறிந்தான். முட்டைத் தட்டோடு கீழே விழுந்து எழுந்த அவர், பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு நிறையப் பேசினார். பேசியதில் பேர் மட்டும் இல்லை. ஆகவே அது செல்லாது, இனி வழியில் போகிறவர்களிடம் எறிவதில்லை என்று நான்கு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

வியாழக்கிழமை மருதையன் வகுப்பின் மூலையில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நாளைக்குப் பொண்ணு பாக்கணும் டீச்சர். ஒரு எழுத்துகூடப் படிக்கலையே." கண்ணீர் வந்துவிட்டது. பாவம், டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை அவரே வந்து சரியான பஸ்ஸில் ஏற்றி, இறக்கிவிட வேண்டிய ஊரைக் கண்டக்டரிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

பத்தே முக்காலுக்குச் சடையாண்டி வீட்டில் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மடியில் பந்து எதற்கு என்று உறவுக்காரர்கள் கிசுகிசுத்தார்கள். பெண் பூங்காவனம், குனிந்த தலை நிமிராமல் காபித் தட்டோடு வந்தாள். இதுவரை வந்துபோன ஏழு மாப்பிள்ளைகளிடமும் அவள் வாயே திறந்ததில்லை.

மருதையன் அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஒச்சப்பா! இவுகளை எனக்குத் தெரியாது!"

"அப்ப எறி!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

எறிந்தான். பூங்காவனம் மாந்தோப்பில் வளர்ந்தவள். மரத்திலிருந்து போடும் காய்களைக் கீழே நின்று பிடித்துப் பழகிய கை. ஒரு கையில் தட்டு, மறு கையில் பந்து. ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை.

"பேரு?" என்றான் மருதையன்.

"பூங்காவனம்" என்றாள். பந்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "எனக்கும் உங்களைத் தெரியாதே!" என்று பந்தைத் திருப்பி எறிந்தாள்.

பிடித்தான். "மருதையன்."

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் வாய் திறந்து பேசிவிட்டாளே! அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். தையில் கல்யாணம்.

ஆனால் பந்து மறுபடியும் மருதையன் கையில். பூங்காவனமும் அவள் உறவுக்காரர்களும் இப்போது தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். தாலி கட்டும்போது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு வருஷம் அது அவன் கையை விட்டு இறங்கவில்லை. எழுத்துப் பாடமும் தொடங்கவில்லை.

அடுத்த தையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். யாருக்குமே தெரியாத முகம்! மருதையன் மெதுவாகப் பந்தை உருட்டிவிட்டான். குழந்தை ஒரு பிஞ்சுக் கையை அதன் மேல் வைத்துக்கொண்டது. பிடித்துவிட்டது என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பேர் வைக்கிற நாளன்று சடையாண்டி, "என்ன மாப்பிள்ளை, பேரு முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டார்.

மருதையன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "நாம எதுக்கு மாமா முடிவு பண்ணணும்? பந்து அது கையிலதானே இருக்கு! அதுதான் சொல்லணும்."

தொட்டிலைச் சுற்றி நான்கு பேரும் வட்டமாக நின்றார்கள். இன்னும் நிற்கிறார்கள்.