வயர் தூக்கிய சங்கிலிமாடனார்

உப்பு மூட்டை சுமப்பது சங்கிலிமாடனாருக்குத் தொழில். துறைமுக நகரின் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் பகல் முழுவதும் சுமப்பார். உப்புநீர் வழிந்து வழிந்து தோளும் முதுகும் வெடித்துப் போயிருந்தன. வேலை முடிந்ததும் பொதுக்குழாயில் குளித்துவிட்டு நேரே பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு வந்து, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். உள்ளே மட்டும் போக மாட்டார். "மேலெல்லாம் உப்பு. சாமி நிக்கிற இடம் பிசுபிசுத்துப் போவும்" என்பார். குளித்துவிட்டுத்தானே வருகிறீர், உள்ளே வாரும் என்று யாரும் சொன்னதில்லை. அவர் வெளியே நின்றது பலருக்கும் வசதியாக இருந்தது.

பங்குனி உத்திரத்தன்று அவருக்கு ஒரு திருப்பணி உண்டு. சுவாமி சப்பரம் வீதியுலா வரும்போது, குறுக்கே தொங்குகிற மின்சார வயரையும் கேபிளையும் கவட்டை கட்டிய மூங்கில் கம்பால் தூக்கிப் பிடிக்க வேண்டும். சப்பரத்தின் கலசம் உரசாமல் கடந்ததும், வயரைப் பைய இறக்கிவிட்டு அடுத்த வயருக்கு முன்னால் ஓட வேண்டும். அதனால் உலா முழுவதும் அவர் கண்கள் மேலேயே இருக்கும். வழி உண்டாக்கிக் கொடுத்தவர் ஒரு வருடம்கூட நின்று அந்த அலங்காரத்தைப் பார்த்ததில்லை. கேட்டால், "பின்னால அவன் வாரான்னு தெரியும்லா, அது போதும்" என்று சிரிப்பார்.

அவருக்காகப் பார்த்தவர் அவர் மனைவி முப்பிடாதி அம்மையார். பெரிய வீதி முனையில் நின்று கண்குளிரக் கண்டுவிட்டு வந்து, என்ன நிறப் பட்டு, என்ன மாலை, வேலில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்ததா என்று ஒன்று விடாமல் கணவருக்குச் சொல்வார். சங்கிலிமாடனார் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த அம்மையாருக்கு ஒரு பக்கம் விளங்காமல் போயிற்று. கட்டிலே கதி என்றானது. உத்திரம் நெருங்கிய நாளில் கணவரிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரே ஒரு தடவ நம்ம தெருவுக்குள்ள அவன் வரப்பிடாதா? படுத்த மேனிக்கே பாத்துருவேன்."

அவர்கள் தெரு உப்பளத்தை ஒட்டிய புறம்போக்கு. சுமை தூக்குகிறவர்களும் குப்பை அள்ளுகிறவர்களும் குடியிருக்கும் இடம். சப்பரம் ஒருநாளும் அங்கே போனதில்லை. சங்கிலிமாடனார் தர்மகர்த்தா கோமதிநாயகத்திடம் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் கையில என்னவே இருக்கு? எந்தத் தெருன்னு போலீஸ்லா அனுமதி குடுக்கணும்? அங்க போயிக் கேளும்" என்றார் தர்மகர்த்தா. அவர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் முடியும் காரியம் அது. எழுத மனமில்லை.

போலீஸ் நிலையத்தில் வாசலோடு நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர், "சட்டம் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குய்யா. தெரு அகலம் என்ன, வண்டி திரும்புமா, ஒயர் எவ்வளவு உயரத்துல கெடக்கு? மாநகராட்சியில ஆட்சேபணை இல்லைன்னு வாங்கிட்டு வா" என்றார். அந்த நகரத்துத் தெருக்களில் தொங்கும் எந்த வயரின் உயரமும் அடியாருக்குத் தெரியாததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டு மாநகராட்சிக்கு நடந்தார்.

மாநகராட்சியில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். அவர் தெரு அதில் இல்லை. "இல்லாத தெருவுக்கு எப்படிப்பா ஆட்சேபணை இல்லைன்னு எழுத?" என்று ஒருவர் கேட்க, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வரியும் வாக்கும் வாங்கும்போது இருந்த தெருதான் அது. ஆனாலும் கடமை தவறாதவர்கள் அல்லவா? மனு வந்துவிட்டதே என்று மின்சார ஆட்களோடு நேரில் வந்து பார்த்தார்கள். வீடுகளுக்கெல்லாம் கொக்கி போட்டு இழுத்த மின்சாரம். அன்றைக்கே அத்தனை வயரையும் அறுத்துச் சுருட்டி லாரியில் போட்டார்கள். கம்பத்தையும் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழியை மூட அவர்களுக்கு உத்தரவில்லை.

தெரு இருண்டது. ஜனங்கள் வாய் சும்மா இருக்குமா? "சாமியக் கூட்டியாரேன்னு போயி ஆபீசு ஏமான்களக் கூட்டியாந்துட்டாரு!" என்றார்கள். முகத்துக்கு நேரே காறித் துப்பியவர்களும் உண்டு. சங்கிலிமாடனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் பாத்துக்கிடுவான்" என்றார். யார் திட்டினாலும் அதையேதான் சொன்னார். கேட்பவர்களுக்குக் கோபம்தான் கூடியது.

பங்குனி வெயில். தகரக் கூரை. மின்விசிறி ஓடவில்லை. வேலைக்குப் போகாமல் இருந்தால் உலை ஏறாது. அடியார் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஓலை விசிறியால் வீசினார். இல்லாத நேரத்தில் வீச ஆளில்லை. ஒரு நடுப்பகலில், அவர் முதுகில் மூட்டை இருந்தபோது, முப்பிடாதி அம்மையார் உயிர் பிரிந்தது. இதைக் கொலை என்று சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை. எனக்கு வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தர்மகர்த்தா ஆள் அனுப்பினார். பதினாறு கழியும்வரை தீட்டு; சப்பரத்தின் பக்கமே வரக்கூடாது, கம்பைக் கொடுத்துவிட வேண்டும் என்று செய்தி. அடியார் கம்பை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். "கவட்டை லேசா ஆடுது. இறுக்கிக் கட்டிக்கிடச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

உத்திரம் வந்தது. வாத்தியம் எத்தனை, வெடி கூடாது, எந்த வீதி, எங்கே நிற்கக் கூடாது என்று அத்தனை நிபந்தனைகளோடும் சப்பரம் புறப்பட்டது. பெரிய வீதிக்குள் திரும்பினால், எதிரே ஒரு தலைவருடைய ஊர்வலம். குதிரை, கொட்டு, ராட்சத வெடி, சாலையை அடைத்து வளைவுகள். அதற்கு யார் எப்போது அனுமதி கொடுத்தார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் வியர்க்க ஓடிவந்து, சப்பரத்தை ஒதுக்கச் சொன்னார். பக்கத்துச் சந்துகளில் எல்லாம் வயர் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கம்பு பிடித்த புது ஆள் ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று கலசத்தில் மாட்டியது. வயரே இல்லாத தெரு அந்தப் பக்கம் ஒன்றுதான் இருந்தது.

"அங்க போக அனுமதி இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் கோமதிநாயகம்.

"குடுக்கிறவன் நான்தான்யா. திருப்புங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

இருண்ட தெருவுக்குள் விளக்கலங்காரத்தோடு சப்பரம் நுழைந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த சங்கிலிமாடனார் எழுந்தார். பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் வானம். தூக்க ஒன்றுமில்லை. கண்ணை இறக்கினார். நேர் எதிரே முருகன் முகம்.

அவர் வீட்டு வாசலுக்கு நேரே, மூடாமல் விட்ட கம்பக்குழிக்குள் சப்பரத்தின் சக்கரம் இறங்கியது. சப்பரம் நின்றது.

பச்சைப் பட்டு. சம்பங்கி மாலை. வேலில் எலுமிச்சம்பழம். இத்தனை காலம் காதால் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. அடியார் வாய்விட்டு அழுதார். "இப்பம் வந்து நிக்கியே! அவ இருக்கையில வந்திருக்கப்பிடாதா? ஒனக்குமா அனுமதி கெடைக்கல?"

அவரைத் திட்டிய ஜனங்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இழுக்கிறவர்கள் முக்கினார்கள். சக்கரம் அசையவில்லை. சாமி நின்றுவிட்டால் தீபாராதனை காட்டாமல் நகர்த்தக்கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். சப்பரத்தில் சாமியோடு இருந்த பட்டர் தயங்கித் தயங்கிக் கற்பூரத்தை ஏற்றினார்.

"சாமி, அவ கெடந்த கட்டிலுக்கும் ஒருக்காக் காட்டுங்க" என்றார் அடியார்.

பட்டர் தர்மகர்த்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து, வாசலில் கிடந்த வெறும் கயிற்றுக் கட்டிலுக்கு நேரே தட்டை உயர்த்திக் காட்டினார்.

அதன் பிறகும் சக்கரம் எழும்பவில்லை. மூட்டை சுமந்த தோள் ஒன்று வேண்டியிருந்தது. அது யார் தோள் என்று எல்லோருக்கும் தெரியும். தர்மகர்த்தாவே கிட்டே வந்தார். "அண்ணாச்சி... ஒரு கை குடுங்க."

"தீட்டு" என்றார் சங்கிலிமாடனார்.

"சாமியே வாசலுக்கு வந்தாச்சு. இனிமே என்ன தீட்டு?" என்றார் பட்டர்.

அடியார் குழிக்குள் இறங்கி, வெடித்த தோளை மரச்சட்டத்துக்கு அடியில் கொடுத்தார். சப்பரம் எழும்பி நகர்ந்தது. வரவழைக்க ஊரெல்லாம் அலைந்த சாமியைத் தம் தோளாலேயே வழியனுப்பி வைத்தார். தெரு மறுபடியும் இருண்டது. அவர் கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்து, "பச்சைப் பட்டு, முப்பிடாதி" என்று சொல்லத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு அனுமதியிலும் அந்தத் தெரு இல்லை. குழியும் அப்படியே கிடந்தது. உத்திரத்தன்று சங்கிலிமாடனார் கவட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவாமிக்கு முன்னே அண்ணாந்தபடி நடந்தார். இறைவனுக்கு வழிவிடச் சொல்லி யாரையும் அதட்டாமல், தம் கையாலேயே வழி திறந்துவிட்ட அந்தப் பெருமகனாரின் உப்பேறிய தோள்களை வணங்குவோம்.