இருபது ரூபாய்ப் பை

குருவிடம் வருகிறவர்கள் வழக்கமாக மோட்சத்துக்கு வழி கேட்பார்கள். ஆவுடையப்பன் கேட்டது, ஒரு கேரி பேக்குக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்று.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற தாசில்தார். அபராதம் போட்டு வழிக்குக் கொண்டுவர முடியாத ஆளை வேலையில் இருந்தவரை அவர் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் யாருக்கும் அபராதம் போட வழியில்லாமல் ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது. நிம்மதி தேடி மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குரு உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆசிரமக் கடையில் உட்கார வைத்தார். வந்த நிம்மதியும் அத்தோடு போயிற்று.

உலகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை அம்மா என்பார். இருவருக்கும் அதில் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் அள்ளும். தரிசனம் முடிந்ததும் எல்லோரும் கடைக்கு வந்து சுக்குக் கருப்பட்டி, நல்லெண்ணெய், கஷாயப் பொடி என்று வாங்குவார்கள். வரும்போது கையை வீசிக்கொண்டு வந்துவிட்டு, போகும்போது பை கேட்பார்கள். உலகம்மையின் சிரித்த முகம் அச்சடித்த பை அது. அவரைக் கேட்காமலே ஆசிரமக் கமிட்டிக்காரர்கள் அடித்துவைத்திருந்தார்கள். பாதிப் பேர் கருப்பட்டியை ஓடைக்கரையிலேயே தின்று தீர்த்து, பையை அங்கேயே கடாசிவிட்டுப் பஸ் ஏறுவார்கள்.

ஓடை அந்தப் பைகளைக் கீழே பேச்சித்தாயின் மேய்ச்சல் காட்டுக்குக் கொண்டுபோகும். கருப்பட்டி வாசத்தை ஆடு விடுமா? பேச்சித்தாய்க்கு அந்த ஆடுகளை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மகளுடைய நர்சிங் படிப்பும் ஆடுகளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவள் மேலே ஏறிவந்தாள்.

"அய்யா, ஒரு ஆடு செத்துப்போச்சு. வயிறு கல்லு கணக்கா இருந்துச்சு. அறுத்துப் பாத்தா உள்ள பூரா ஒங்க பைதான்."

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இனிமே ஒரு பை கீழ வராது தாயி. நான் பொறுப்பு" என்றார்.

தாசில்தார் வாயால் சொன்ன வார்த்தை. அவள் நம்பிப் போனாள்.

அன்று மாலையே அவர் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, பைக்கு விலை வச்சிரலாம்னு பாக்கேன். சும்மா குடுக்கப் போய்த்தான இஷ்டத்துக்கு எறியுதாங்க?"

"வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

"எவ்வளவு வைக்கலாம்?"

"அதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் உலகம்மை.

இரண்டு ரூபாய் வைத்தார். சில்லறை இல்லை என்று சலித்துக்கொண்டே எல்லோரும் வாங்கினார்கள். அடுத்த பௌர்ணமிக்கு ஐந்து ரூபாய். ஒருவர் மட்டும், கோயில் வாசலிலேயே கொள்ளையா என்று சண்டை பிடித்தார். சண்டை முடிந்ததும் இரண்டு பை வாங்கிக்கொண்டு போனார்.

பத்து ரூபாய் ஆக்கினார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள் பத்து ரூபாயை நீட்டி, பையை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆசிரமத்துக்கு நம்மளால ஆனது" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்றவரின் தோளில் நல்ல காடாத்துணிப் பை தொங்கியது. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஆவுடையப்பன் மனம் குளிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார் அவர்.

"ஒங்ககிட்டதான் பை இருக்கே?"

"இது மார்க்கெட்டுக்குப் போற பை. அது சாமி பைல்லா?"

"அது பிளாஸ்டிக்."

"அம்மா படம் போட்டிருக்கே!"

"படம் போட்ட பிளாஸ்டிக்!"

"பத்து ரூவா காணிக்கை போட வந்தவன விரட்டுதியளே. நீங்கள்லாம் ஆசிரமத்துலயா இருக்கீக?"

வரிசை முழுவதும் அவர் பக்கம் சாய்ந்தது. ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பையைக் கொடுத்தார்.

இருபது ரூபாய் ஆக்கியபோது எவனும் வாங்கமாட்டான் என்று மனப்பால் குடித்தார். இருபது ரூபாய் பெறுகிற பையில் விசேஷம் இல்லாமலா இருக்கும் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பூஜையறையில் மாட்ட ஒன்று, கருப்பட்டி போட ஒன்று, வர முடியாமல் போன மச்சினிக்கு ஒன்று என்று கேட்டார்கள். கருப்பட்டி போட்ட பை மட்டும் எப்போதும்போல ஓடைக்குப் போனது.

கமிட்டிக்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்னதானக் கூடத்துக்கு மேற்கூரை போட இந்தப் பைக்காசே போதும் என்றார்கள். இன்னும் பெரிய கட்டாகப் பை அச்சடித்து வந்து இறங்கியது.

ஆவுடையப்பன் கடையில் கத்தியது தியான மண்டபம் வரை கேட்டது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தார்கள். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டுக் குருவிடம் போனார்.

"அம்மா, இது ஜனமா? சும்மா குடுத்தா எறியுது, காசு கேட்டா கும்பிடுது, கும்பிட்டுட்டு எறியுது! இதுகளை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?"

"மாத்திரை போட்டாச்சா அண்ணாச்சி?"

"அம்மா!"

"முதல்ல அதைப் போடுங்க."

அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அம்பது ஆக்கிரவா?" என்று கேட்டார்.

உலகம்மை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பேச்சித்தாய் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

அவளுடைய சினை ஆடு வயிறு உப்பிக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. ஆசிரமத்து ஜீப்பில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குருவும் கூடவே ஏறிக்கொண்டார். டாக்டர் வயிற்றைக் கிழித்து உள்ளே கையை விட்டார். பை ஒன்றின் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒரு பையிலிருந்து உலகம்மை சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆடு பிழைத்துவிட்டது. குட்டிகள் பிழைக்கவில்லை.

ஆவுடையப்பன் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"காசை உள்ள வையுங்க அய்யா" என்றாள் பேச்சித்தாய். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க பொறுப்புன்னு சொன்னிய. அதை நம்பித்தான் நான் ஓடைப்பக்கம் மேய விட்டேன்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தையும் சேர்த்து ஜனங்கள் மேல்தான் கோபமாக மாற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

உலகம்மை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்த பழைய வாளி ஜீப்பின் பின்னால் ஆடிக்கொண்டு வந்தது. அதில் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த பைகள் இருந்தன.

அடுத்த பௌர்ணமி காலையில் ஆவுடையப்பன் கடைக்குப் போனபோது அவருடைய ஸ்டூலில் குரு உட்கார்ந்திருந்தார். கடை முகப்பில் கயிற்றுக்கொடி கட்டி அந்தப் பைகளைத் தொங்கவிட்டிருந்தார். சோப்புப் போட்டு அலசியிருந்தது. ஆனாலும் பச்சையும் பழுப்புமாகக் கறை போகவில்லை. நாற்றமும் போகவில்லை.

கூட்டம் வந்தது. குருவே கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றதும் தள்ளுமுள்ளு. முன்னால் நின்றவர், பை பத்து ரூபாய்க்கு விற்றபோது துணிப்பையோடு வந்து சண்டை போட்ட அதே மனிதர்.

"அம்மா கையால ஒரு பை வேணும்" என்றார்.

உலகம்மை கொடியிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

"எவ்வளவும்மா?"

"இதுக்கு விலை கிடையாது. சும்மா எடுத்துக்கிடுங்க."

அவர் பரவசமாகி அதைக் கண்ணருகே கொண்டுபோனார். கொண்டுபோன வேகத்தில் கீழே இறக்கினார்.

"ஏம்மா, ஒரு மாதிரி நாறுதே?"

"ஆட்டு வயித்துல இருந்துச்சு. அதான்."

"ஆட்டு வயித்துலயா?"

"ஆமா. கீழ பேச்சித்தாயோட ஆடு. சினை ஆடு."

அவர் பையை என்ன செய்வது என்று தெரியாமல் தன் கையையே பார்த்தார்.

"புதுசு இல்லையாம்மா?" என்றார் கடைசியில், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"இருக்கே. புதுசு உள்ள நிறைய இருக்கு. இன்னும் எந்த ஆடும் திங்கல."

அவர் பையைக் கொடியில் திரும்பப் போட்டார். தன் துணிப்பைக்குள் கருப்பட்டியை வைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்து வந்தவர் துண்டை விரித்தார். அதற்கடுத்த அம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டார். எண்ணெய்ப் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கஷாயப் பொடியைச் சட்டைப்பையில் திணித்தார். சாயங்காலம் வரை ஒரு பைகூடப் போகவில்லை. இருபது ரூபாய்ப் பையும் போகவில்லை, இனாம் பையும் போகவில்லை.

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கொடியிலிருந்த பைகளைத் தானே இறக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு மடித்தார்.

"அம்மா, இதைப் பத்திரமா எடுத்து வைக்கேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாட்டிரலாம். இந்த ஜனங்களுக்கு இதுதான் சரி. நான் என்னென்னமோ விலை வச்சு மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

உலகம்மை சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஆவுடையப்பன் மடித்த பைகளை உள் அறைக்குக் கொண்டுபோனார். அங்கே புதுப் பைக் கட்டு, பிரிக்காமல் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதைப் பார்த்ததும் அவருடைய நடை தயங்கியது. கமிட்டிக்காரர்களின் முகம் நினைவுக்கு வந்தது. கூரைக்குத் தகரம் சொல்லி, அச்சாரமும் கொடுத்தாகிவிட்டது.

"அம்மா" என்று கூப்பிட்டார்.

குரு வந்து நிலைப்படியில் நின்றார்.

"இவ்வளவும் காசு போட்டு அடிச்சது. திருப்பிக் குடுத்தா அச்சாபீஸ்காரன் வாங்கமாட்டான். கூரை வேலையும் பாதில நிக்கும்."

"ம்."

"புதுசா இனி அடிக்கவே வேண்டாம். அதுல நான் உறுதியா இருக்கேன்."

"சரி."

"இருக்கிறதை மட்டும் வித்து முடிச்சிருவோம். எப்படியும் ரெண்டு பௌர்ணமில தீந்துரும். அதுவரைக்கும் அந்த நாத்தம் புடிச்ச பையை மாட்ட வேண்டாம். அதுக்குப் பெறகு ஒரு பை கிடையாது. என்னம்மா சொல்லுதீங்க?"

உலகம்மை கட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கடைச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்படியே செய்வோம் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி ஒரு எட்டு கீழ போய், இந்தக் கட்டைத் திங்கப் போறது எந்த ஆடுன்னு பேச்சித்தாய்கிட்ட கேட்டுட்டு வந்துருங்க."