தெற்கே ஓடும் நீர்

நானூறு வருடங்களுக்கு முன், ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில், எல்ஸ்பெத் என்ற மருத்துவச்சியைச் சூனியக்காரி என்று தேவாலயத்து மணிக்கூண்டில் அடைத்திருந்தார்கள். காய்ச்சல் என்றால் அவளிடம் ஓடிவந்த ஊர், இப்போது அந்தச் சுவரை ஒட்டி நடக்கவும் அஞ்சியது.

நினியன் மட்டும் வந்தான். கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுப்பவன். அவளைவிட மூத்தவன். ஆறு வருடமாக அவளிடம் வைத்தியம் கற்பவன்.

அன்று காலை மாவு ஆலைக்காரனின் மனைவி மணிக்கூண்டு ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டு, தன் குழந்தையைப் பிழைக்க வைக்கும்படி கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள். எல்ஸ்பெத்மேல் புகார் கொடுத்ததே அவள் கணவன்தான்.

எல்ஸ்பெத் நினியனுக்கு வழி சொன்னாள். தெற்கே ஓடும் ஓடையில் நீர் எடுத்துக் குழந்தையைக் கழுவ வேண்டும். கிளம்பியதிலிருந்து அந்த வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அது வெறும் தண்ணீர்.

"குழந்தை பிழைத்தால், நோயை வைத்தவளே எடுத்தாள் என்பார்கள்," என்றான் நினியன்.

"என்பார்கள்."

"நான் பேசாமல் நீர் சுமந்தாலே, நீங்கள் அனுப்பியது என்று தெரிந்துவிடும். அதுவே சாட்சி. எரித்துவிடுவார்கள்."

"வாளியைத் துணியால் மூடிக்கொள். தூசி விழும்."

மதியம் அவன் நிறைந்த வாளியோடு திரும்பி வந்தான்.

பாலத்தில் சபை மூப்பர் நின்றிருந்தாராம். யாருக்கு வைத்தியம் என்று கேட்டாராம். இவன் பேசாமல் நடக்க, "என்ன நினியன், நாக்கை மணிக்கூண்டிலேயே விட்டுவிட்டு வந்தாயா?" என்று சிரித்தாராம். பிறகு சிரிக்காமல், அவள்தானே அனுப்பினாள் என்றாராம்.

"பேசிவிட்டேன்," என்றான்.

"என்ன சொன்னாய்?"

"பன்றிக்குத் தண்ணீர் என்றேன். அந்தப் பெண்பிள்ளையோடு எனக்குப் பேச்சே கிடையாது என்றேன்."

காற்றில் மணிக்கயிறு சுவரில் உரசியது.

"உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன்." சற்றுக் கழித்து, "அப்படித்தான் நினைக்கிறேன். பயந்துவிட்டேன். உங்களுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை," என்றான்.

குழந்தைக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆலை வாசல்வரை போய்த் திரும்பியதாகவும், இழுப்பு வெளியே கேட்டதாகவும் சொன்னான்.

"இதைக் கொட்டிவிடு. போய் வேறு எடு."

நினியன் வாளியைக் கவிழ்த்தான்.

"அவர் இன்னும் பாலத்தில்தான் நிற்கிறார்."

"தெரியும்," என்றாள் எல்ஸ்பெத். "இனிப் பேசாதே."