குழல்மேல் புளியமுத்து

"இந்த ரெண்டுல எதை வெச்சுக்கட்டும் அம்மிணி?" என்று கேட்டார் தணிகாசலம்.

தோளில் கடையிலிருந்து எடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகள் தொங்க, மூச்சு வாங்க மலையேறி வந்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. எதிரே முறத்தை வைத்துக்கொண்டு புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மருதாயிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அந்த மலையில் துப்பாக்கி என்றால் அவள்தான்.

பயிரை மேயும் மானைச் சுட்டுக்கொள்ளலாம் என்று அரண்மனை அனுமதி தந்திருந்த காலம் அது. ஊர் அந்த வேலையைத் தணிகாசலத்தின் தலையில் கட்டியிருந்தது. இந்த வருஷமும் சாமை போனால் ஊரே பட்டினிதான்.

"இது நானூறு கெஜம் பாயுமாம். இது நூறுதான். கடைக்காரர் பெருசைத்தான் எடுத்துக்கச் சொல்றாரு."

"நானூறு கெஜத்துல அடிச்சுட்டு, நீங்க அங்க நடந்து போய்ச் சேர எத்தனை நேரமாகுமுங்க அண்ணா?"

சரிவையும் தன் முழங்காலையும் நினைத்துப் பார்த்தார். "கால் மணி ஆகும்."

"அந்தக் கால் மணி நேரமும் அது என்ன பண்ணும்?"

தணிகாசலத்தின் முகம் சுருங்கிப்போனது. போன வருஷம் இரவல் துப்பாக்கியால் ஒரு மானின் பின்காலை உடைத்துவிட்டார். எங்கோ புதருக்குள் கிடந்து இரண்டு நாள் கத்தியது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அந்தச் சத்தம் இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

பெரிய துப்பாக்கியை அவரே ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"என்னைப் பழக்கி விடு அம்மிணி. இன்னொண்ணு அப்படிக் கத்தக் கூடாது."

"பழகலாமுங்க. தோட்டா மட்டும் கேக்கப்படாது."

முறத்திலிருந்து ஒரு புளியமுத்தை எடுத்தாள். வெறும் துப்பாக்கியை அவரை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, குழலின் நுனியில் முத்தை வைத்தாள்.

"இது விழாம விசையை அழுத்துங்க."

அழுத்தினார். விழுந்தது.

மறுபடி விழுந்தது. அன்று பொழுது சாயும்வரை விழுந்தது. குனிந்து குனிந்து பொறுக்கியதில் மனுஷனுக்கு இடுப்பு விட்டுப்போனது.

ஒரு மாதம் போனது.

ஒரு நாள் முத்து அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"இனித் தோட்டா குடுக்கலாமில்ல?"

"விடியறப்போ சாமைக்காட்டுக்குப் போங்க. வெறும் துப்பாக்கியோட. முத்தை மறந்துடாதீங்க."

போனார். வரப்போரம் உட்கார்ந்தார். குழல்மேல் முத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பனிக்குள்ளிருந்து ஒரு கடமான் வந்தது. கிளைக் கொம்புள்ள ஆண். முப்பது கெஜம்கூட இருக்காது. கொம்பெல்லாம் நீர் சொட்டியது. கதிரை ஒரு வாய் கடித்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

அந்தக் கண்ணில் காடு முழுக்க இருந்தது. வெயில் வந்து அதன் முதுகில் படிந்தபோது உடம்பே ஆவி விட்டது. சாமி கும்பிடும்போதுகூட அவருக்கு இப்படிச் சிலிர்த்ததில்லை. மூச்சு விட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காலடியில் சின்னதாய் ஒரு சத்தம் கேட்டது.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"எல்லாம் போச்சு அம்மிணி. முத்து விழுந்துருச்சு."

"விழுந்தப்புறம் விசையை அழுத்தினீங்களா?"

"கை அந்த நடுக்கம் நடுங்குது, எங்க அழுத்தறது? கீழ இறக்கிட்டேன்."

"போன வருஷம் கை நடுங்கலீங்களா?"

தணிகாசலம் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"நடுங்குச்சு," என்றார்.

மருதாயி மடியை அவிழ்த்தாள். ஒற்றைத் தோட்டாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு முறத்தில் துழாவி, நல்லதாக ஒரு புளியமுத்தைப் பொறுக்கி, அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டையும் கொண்டு போங்க," என்றாள்.