தவிட்டுக்குருவிக்குக் கோபம் வந்த கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்தத் தெரியாது. பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும், அவ்வளவு மெல்லிய குரல். கூட்டமாகத் திரிகிற வழக்கமும் கிடையாது. ஒரு கொல்லைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குடியிருந்தன.

வடிவாம்பாள் வீட்டுக் கொல்லையில் குடியிருந்த குருவிக்குச் சாம்பி என்று பெயர். யார் வம்புக்கும் போகாதவள். அவளை அங்கே கூப்பிட்டதே வடிவாம்பாள்தான். அவரைப் பந்தலில் புழு விழுந்து ஒரு காய்கூடத் தேறாத வருஷம், "நீ வந்து புழுவைப் பொறுக்கு. உன் வயிறும் உன் குஞ்சுங்க வயிறும் வாடாமப் பாத்துக்கறது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து அழைத்து வந்தாள். சாம்பி பந்தலில் புழு பொறுக்கினாள். மற்ற நேரத்தில் வேலியோரம் குவிந்து கிடந்த மாஞ்சருகைப் புரட்டி, அதன் அடியில் நெளிகிறதைத் தின்றாள். அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. எலுமிச்சைச் செடியில் கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தாள் சாம்பி.

அந்தச் சமயம் பார்த்து வடிவாம்பாளுக்கு நாத்தனார் வியாதி பிடித்தது. புருஷனின் அக்கா அகிலாண்டம் வாழ்க்கைப்பட்ட ஊரில், கொல்லைக்கு மயில் வருகிறதாம், கிளி வந்து தோளில் உட்காருகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அகிலாண்டம் இங்கே வருகிறாள் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். எந்தப் பறவைக்கு எது பிடிக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்தாள். கிளிக்கு மாதுளையைப் பிளந்து கொம்பில் செருகினாள். சிட்டுக்கு நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாள். மயிலுக்குக் கம்பும் எள்ளும், மைனாவுக்கு வாழைப்பழம். வரப்போகிறவர்களுக்கு இத்தனை பார்த்துப் பார்த்து வைத்தவள், வீட்டோடு இருந்தவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அதோடு விட்டாளா? மயில் நடக்கிற இடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று வேலியோரச் சருகு அத்தனையும் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்தாள். சாம்பலை அள்ளிப் பந்தல் முழுக்கத் தூவினாள். தரையைச் சாணம் போட்டு மெழுகினாள்.

கொல்லையில் ஒரு பூச்சி மிச்சமில்லை. சாம்பி பதறிப்போய்க் கிணற்றடிக்கு வந்தாள்.

"அக்கா, குஞ்சுங்களுக்குக் குடுக்க ஒரு புழு இல்லக்கா. காலையிலேருந்து மூணும் வாயைத் தொறந்தபடியே கெடக்குதுங்க."

"அதான் பழம் வச்சிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"பொறந்து நாலு நாள்தானே ஆவுது. பழம், தானியம் எதுவும் அதுங்களுக்குச் செரிக்காது. ஒரு கூடைச் சருகு மட்டும் அந்த மூலையில வுட்டு வையேன். நானே தேடிக்கறேன்."

"சருகா? அண்ணி வர்ற நேரத்துல குப்பையைக் கொட்டச் சொல்றியா? நல்லாருக்குடி நியாயம்! இரு, சோறு போடறேன்."

உள்ளே போய் அவள் எடுத்து வந்தது முந்தாநாள் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. உப்புக் கரித்து, ஊசிப்போய், வீட்டில் யாரும் தொடாமல் மூலையில் கிடந்தது. பூவரச இலையில் அதை வைத்துத் தள்ளினாள்.

"புளிச்ச வாடை அடிக்குதேக்கா. குஞ்சுக்குக் குடுக்கலாமா?"

"நாங்க திங்கற சோறுதான்டி. போடறதை வாங்குறதுல வக்கணை வேற!"

சாம்பி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வாக்குக் கொடுத்தவள் கையால் வந்த சோறு. ஒவ்வொரு வாயாக எடுத்துப் போய் மூன்றுக்கும் ஊட்டினாள். பச்சைக் குஞ்சுக்குத் தண்ணீரே புழுவிலிருந்துதான் கிடைக்கிறது. வறண்ட வயிற்றுக்குள் அந்த உப்பு போய் எரித்தது. மூன்றும் அலகைத் திறந்து திறந்து மூடின. சாம்பி கிணற்றடிக்கும் கூட்டுக்குமாகத் தண்ணீர் சுமந்தாள். ஓர் அலகுத் தண்ணீர் எந்த மூலைக்கு? வெள்ளிக்கிழமை விடிந்தபோது மூன்றும் விறைத்துக் கிடந்தன.

அவள் அழவில்லை. அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. வடிவாம்பாள்மேல் கோபம். அந்தச் சோற்றின்மேல் கோபம். எல்லாவற்றையும்விட, அதை ஊட்டிய தன் அலகின்மேல் கோபம். கல்லில் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அந்தக் கோபத்தின் சூட்டில் அவள் கண் வெளுத்துப்போனது.

நேரே வடிவாம்பாளிடம் போனாள். அவள் ஆட்டுக்கல்லில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என் புள்ளைங்க மூணும் செத்துப்போச்சு" என்றாள் சாம்பி.

"என்னமோ முணுமுணுக்கறே, ஒண்ணும் கேக்கலை. அண்ணி வர்ற நேரம். அப்புறமா வா."

மெல்லிய குரலுக்குக் கிடைத்த மரியாதை அதுதான். சாம்பி ஊரில் கொல்லை கொல்லையாகப் பறந்தாள். அங்கங்கே தனியாக இருந்த அக்கா தங்கை ஆறு பேரையும் கூப்பிட்டுக் கூட்டைக் காட்டினாள். அவர்களுக்கும் ஆளுக்கொரு மனக்குறை இருந்தது. இத்தனை நாள் தனித்தனியாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் விழுங்கவில்லை.

அகிலாண்டம் வந்து கொல்லைப்பக்கம் நின்றாள். மாதுளையில் நாலு கிளி, மெழுகிய தரையில் ஒரு மயில். "பரவால்லியே வடிவு!" என்று அவள் வாயைத் திறக்கவும், ஏழு பேரும் நடுவில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"ஏ வடிவு!" என்று கத்தினாள் சாம்பி. அக்கா முறையெல்லாம் அன்றோடு போயிற்று. "என் புள்ளைங்களைக் கொன்னுட்டு வடை சுடறியா? உன் பந்தலைக் காப்பாத்துனவ நான். பழமும் கம்பும் இவங்களுக்கு, ஊசினது எனக்கா?"

ஆறு பேரும் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. அப்புறமும் நிறுத்தவில்லை. கிளிகள் சிதறிப் பறந்தன. மயில் வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அகிலாண்டம் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வடிவு இது? இதுங்களை என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலை அண்ணி. சோறுதான் போட்டேன்."

"நீ போட்டது சோறு இல்லடி, மிச்சம்!" என்றாள் சாம்பி. "உன் புள்ளைக்கு அதை ஊட்டுவியா? ஊட்டுவியா? சொல்லு!"

பூவரச இலையில் மீந்து கிடந்ததைக் குனிந்து முகர்ந்து பார்த்த அகிலாண்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வடைகூடத் தின்னாமல் வண்டி ஏறிவிட்டாள்.

அடுத்த மாதமே பந்தலில் மறுபடி புழு விழுந்தது. வடிவாம்பாள் ஒரு தட்டு நிறைய ஈசலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதே சாம்பி. மனசறிஞ்சு செய்யலை. பாரு, உனக்குன்னே கொண்டாந்திருக்கேன்."

சாம்பி தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சருகைக் கூட்டாம வுடு. எங்களுக்கு வேண்டியதை நாங்களே எடுத்துக்குவோம். உன்கிட்ட இனி வாக்கு வாங்கறதா இல்லை."

வடிவாம்பாள் தெருவெல்லாம் அலைந்து சருகு அள்ளி வந்து வேலியோரம் பரப்பினாள். ஏழு பேரும் வந்து இறங்கினார்கள், பந்தலும் பிழைத்தது. ஆனால் அவள் தலை தெரிந்தபோதெல்லாம் திட்டினார்கள்.

அன்று சேர்ந்தவர்கள் பிறகு பிரியவே இல்லை. அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் திரிகின்றன. மற்றவை சருகைப் புரட்டும்போது ஒன்று கிளையில் காவல் நிற்கிறது. ஒன்றின் குஞ்சுக்கு எல்லாமும் சேர்ந்து இரை கொண்டுபோகின்றன. நாம் எவ்வளவு நல்லதை வைத்தாலும் வெளுத்த கண்ணால் முறைத்து, தொண்டை கிழியத் திட்டிவிட்டுத்தான் தின்கின்றன. எத்தனையோ தலைமுறை போய்விட்டது, இன்னுமா கோபம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போன குஞ்சு மூன்றும் இன்னும் திரும்பி வரவில்லையே.