வானக் காவலுக்குப் போன முக்குளிப்பான்

கோரைப்புல் சூழ்ந்த ஓர் ஏரியில் குவளை என்றொரு இளம் முக்குளிப்பான் பறவை இருந்தாள். ஏரிப் பள்ளியில் படிப்பு முடிந்து, ஆளுக்கொரு வேலையைத் தேர்ந்துகொள்ளும் காலம் வந்தது. அந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே மோகம், வானக் காவல். உயரத்தில் வட்டமடித்து, ஆபத்து வந்தால் குரல் கொடுக்க வேண்டும். பருந்துகள் பார்க்கிற உத்தியோகம் என்பதால் அதற்குத் தனி மரியாதை.

குவளையின் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் புதரில் இருக்கிற நாமக்கோழி வெங்குவும்கூட அதில் சேரப்போகிறானாம், நீ மட்டும் சேற்றையே பார்த்துக்கொண்டிருப்பாயா என்று கேட்டாள். குவளைக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

தினமும் பயிற்சி நடந்தது. தண்ணீர்மேல் படபடவென்று ஓடுவாள். கொஞ்சம் எழும்புவாள். தொபுக்கடீரென்று விழுவாள். தவளைகள் கூட்டம் போட்டு வேடிக்கை பார்த்தன. சிறகு வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வெட்கம்.

தேர்வு நாளில் முதலில் பறந்தவன் வெங்கு. ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் தலை கிறுகிறுத்து நடு ஏரியில் விழுந்தான். விழுந்த இடத்தில் மீன் வலை இருந்தது. கால் சிக்கி, தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

மேலே பருந்துகள் கத்தின. கரையில் இருந்தவர்களும் கத்தினார்கள். குவளை சட்டென்று முங்கினாள். கலங்கல் நீரிலும் வலையின் ஒவ்வொரு இழையும் அவளுக்குத் தெரிந்தது. அலகால் முடிச்சை நெகிழ்த்தி, காலை விடுவித்து, அவனை மேலே தள்ளிக்கொண்டு வந்தாள்.

இருமி முடித்த வெங்கு அவளை உற்றுப் பார்த்தான்.

“கொஞ்சம் எழும்பினாலே உனக்கு மூச்சு வாங்குமே. இவ்வளவு நேரம் தண்ணிக்குள்ளே இருந்துட்டுச் சாதாரணமா நிக்கிறியே?”

குவளைக்கு அப்போதுதான் உறைத்தது. சிறகில் வலி இல்லை. உள்ளே இருந்தபோது பயம்கூட இல்லை.

“அம்மா, நான் தண்ணிக்குள்ளே காவல் இருக்கேன். வலை எங்கே விரிச்சிருக்குன்னு எந்தப் பருந்துக்கும் தெரியாது” என்றாள்.

அம்மா உடனே, பருந்துக்கே தெரியாததைத் தன் மகள் கண்டுபிடிப்பாள் என்று கரையோரக் கொக்கிடம் பெருமையடிக்கக் கிளம்பிவிட்டாள்.

வெங்கு தயங்கித் தயங்கிச் சொன்னான். “எனக்கு உயரம்னாலே பயம். இதை யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலை.”

“முதல்லே உனக்கு நீயே சொல்லிக்கோ” என்றாள் குவளை.

அதைக் கேட்டதும் தேர்வு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர், தமக்கு எது நன்றாக வரும் என்று பார்க்க மெல்ல நழுவினார்கள்.

ஊர் மெச்சும் வேலை எது என்று பார்க்குமுன், தனக்கு இயல்பாய்க் கைவருவது எது என்று அறிந்துகொள்பவரே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வார்.