அரியணைமேல் ஒரு துண்டு

கோடைப்பாளையத்துக்கு ரயில் வந்த காலத்தில் அந்த ஊரை ஆண்டவர் உக்கிரசேன மகாராஜா. பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மனுஷர் பல்லியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். கோபம் வரும், சாப்பாட்டு வேளையில் போய்விடும்.

அவர் சபையில் திருமேனி என்று ஒருவர். அவருக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. ராஜாவுக்குச் சிக்கல் வந்தால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அவருடைய மீசையை ஊருக்கே தெரியும். தினமும் காலையில் நல்லெண்ணெய் தடவி, கண்ணாடிமுன் நின்று, குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி அதை முறுக்கிவிடுவார். திவான் தாமோதரத்துக்கு அந்த மீசையைக் கண்டாலே வயிற்றெரிச்சல். பாவம், எவ்வளவு எண்ணெய் தடவியும் அவருடைய மேலுதடு வழுவழுவென்றுதான் இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ராஜ்யத்தில் ராஜா அரியணையில் உட்கார்ந்து சொன்னால்தான் ஆணை. நின்றுகொண்டு சொன்னால் அது வெறும் பேச்சு. இவருடைய தாத்தா ஊஞ்சலில் ஆடிக்கொண்டே ஆணை போடுவாராம். முன்னே போகும்போது ஒன்று, பின்னே வரும்போது ஒன்று. அதனால் வந்த ஏற்பாடு இது.

சரி, ரயிலுக்கு வருவோம். கோடைப்பாளையத்திலிருந்து கடற்கரைப் பட்டணம் போக ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். வண்டியில் இரண்டே வகுப்பு. ஜமீன்தார்கள் சாய்ந்து தூங்க மெத்தைப் பெட்டி, மற்றவர்கள் இடித்துக்கொள்ளப் பலகைப் பெட்டி. வாத்தியார்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். மெத்தை கட்டுப்படியாகாது, பலகைக் கூட்டத்தில் மூச்சு முட்டும். அவர்கள் ராஜாவிடம் போய் முறையிட்டார்கள்.

திவான் ஒரு யோசனை சொன்னார். பாதி மெத்தை போடலாம் என்றார். எந்தப் பாதி, உட்காருகிற பாதியா, சாய்கிற பாதியா என்று சபை மூன்று நாள் சண்டை போட்டது. ராஜாவுக்குத் தலைவலி வந்துவிட்டது.

"திருமேனி, நடு வகுப்பு ஒன்று வேண்டும்" என்றார் ராஜா. "மெத்தைக்காரன் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது. பலகைக்காரன் பார்த்துக் கோபப்படக் கூடாது. உட்காருகிறவன் முனகக் கூடாது. ஒரு பிடி பஞ்சுகூடத் தரமாட்டேன்."

முடியாவிட்டால் அந்த மீசையை எடுத்துவிட ஆணை போடலாமே என்று திவான் பவ்வியமாக எடுத்துக்கொடுத்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். திருமேனி ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் ஸ்டேஷனில் போய் நின்றார். வண்டி நிற்பதற்குள் ஜனங்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். பின்னால் ஏறியவர்கள் அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் என்ன, கைகலப்புதான். அரை மணி பார்த்துக்கொண்டிருந்த திருமேனி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போனார்.

அவர் செய்தது இவ்வளவுதான். ஒரு பலகைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அதே பலகை, அதே ஆணி. டிக்கெட்டோடு அரண்மனை முத்திரை போட்ட ஒரு துண்டு கிடைக்கும். அதை விரித்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது. டீ குடிக்க இறங்கலாம், காலாற நடந்துவிட்டும் வரலாம். மெத்தைக்காரனுக்குப் பலகையைப் பார்த்து என்ன பொறாமை? பலகைக்காரனுக்குத் தன் பலகையையே பார்த்து என்ன கோபம்? துண்டுக்காரர்களோ மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்து வந்தார்கள்.

ஆணையை எழுதியவர் திவான். துண்டு போட்ட இடம் போட்டவருக்கே என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "அது எந்த ஆசனமானாலும், எடுப்பது யாரானாலும், ராஜாவே ஆனாலும் குற்றம்" என்று வேண்டுமென்றே சேர்த்துவிட்டார். ராஜா அரியணையில் உட்கார்ந்து, படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, நடு வகுப்பைத் தாங்களே பார்க்க வேண்டாமா என்று திவான் ராஜாவைக் கிளப்பிக் கூட்டிப்போனார். துண்டு வாங்காமலே ஏற்றிவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. பெட்டி முழுக்கத் துண்டு. ஒரு வாத்தியாரம்மா எழுந்து, கைகூப்பி, "மகாராஜா ஆணையை மகாராஜாவுக்காக மீறினால் பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். எதிரில் இருந்த பெரியவர் ஆறுதல் சொன்னார்.

"சித்த நேரம் நில்லுங்க மகாராஜா. அடுத்த ஸ்டேஷன்ல யாராச்சும் இறங்குவாங்க."

யாரும் இறங்கவில்லை. நாலாவது ஸ்டேஷனில் ராஜாதான் இறங்கி, திரும்பி வருகிற வண்டியைப் பிடித்தார். அதிலும் நின்றுகொண்டேதான்.

முழங்கால் வீங்கி அரண்மனைக்கு வந்தவர், நாவிதரைக் கூப்பிடு, மீசைக்கு இப்போதே ஆணை போடுகிறேன் என்று கத்திக்கொண்டு சபைக்குள் நுழைந்தார். திவான் பின்னாலேயே ஓடிவந்தார், முகமெல்லாம் பல். அரியணையில் உட்காரப் போன ராஜா அப்படியே நின்றுவிட்டார்.

அரியணைமேல் ஒரு துண்டு கிடந்தது. அரண்மனை முத்திரை போட்டது.

"யாருடையது?"

"அடியேனுடையதுதான். டிக்கெட்டும் இருக்கிறது" என்றார் திருமேனி. ஒரு கை மீசையை மூடியிருந்தது.

எடுடா அதை என்று ராஜா திவானைப் பார்த்தார். திவான் கையை நீட்டினார், தான் எழுதிய வரி ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். அந்த ஆணையை ரத்து செய்யலாமே என்றார். ரத்து செய்ய உட்கார வேண்டும். உட்காரத் துண்டை எடுக்க வேண்டும். எடுக்க ரத்து செய்ய வேண்டும். ராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

"சரி, உன் மீசையைத் தொடமாட்டேன். எடுத்துத் தொலை."

"மகாராஜா நின்றுகொண்டு சொல்கிறீர்களே. அது செல்லாதே" என்றார் திருமேனி.

பிறகு அவரே போய் அரியணையில் தன் துண்டின்மேல் உட்கார்ந்தார். ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார்.

"வாருங்கள். ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம்."

ராஜாவுக்கு வேறு வழி? இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கால்வலி விட்டது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருமேனியின் மீசை அவர் ஆயுசுவரைக்கும் அவருக்கே சொந்தம், தினமும் அதற்கு அரண்மனை நல்லெண்ணெய் என்று அங்கேயே ஆணை போட்டார்.

திவான் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். திருமேனிக்கு மனசு கேட்கவில்லை.

"திவான் ஐயா ஏன் நிற்கிறார்? மகாராஜா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அவருக்கும் இடம் இருக்கிறதே."

ராஜா தன்னை அறியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.